நெரிசலில் சூடேறிய கார்: பழுதைச் சரியாகக் கண்டுபிடித்த சிறிய பணிமனையிடமே முழுப் பராமரிப்பையும் ஒப்படைக்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கடந்த மாதம் என் காருக்கு ஏற்பட்ட பழுதையும், அதை ஒரு சிறிய பணிமனையில் சரிசெய்துகொடுத்த விதத்தையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை சொல்ல விரும்புவோருக்கு நடந்தது முழுவதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இந்த விரிவு.

என்னுடையது ஒன்பது ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார். சில வாரங்களாகவே, நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலேறுவதும், சாலை சற்று விட்டு வண்டி வேகமெடுத்ததும் தானாகவே இறங்கிவிடுவதுமாக இருந்தது. சிக்னலில் நிற்கும்போது ஏ.சி.யின் குளிர்ச்சியும் குறைந்துகொண்டே வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒரு நாள் மாலை முள் சிவப்புக் கோட்டையே தொட்டுவிட்டது; பானெட்டின் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, சூடு ஆறும் வரை முக்கால் மணி நேரம் காத்திருந்து, மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் வழக்கமாகச் செல்லும் பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பார்த்தவர் குறைந்திருந்த கூலன்டுக்கு (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பதிலாகத் தண்ணீரை ஊற்றினார். பத்து நிமிடத்தில் "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரித்தாக வேண்டும்" என்றார். (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.) ஹெட்டைக் கழற்றி, மட்டம் பார்த்து, தேவையானால் கடைசல் பட்டறைக்கு அனுப்பி, மீண்டும் பூட்டிக் கொடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றும் சொன்னார். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்டபோது, இவ்வளவு சூடானால் வேறு என்னவாக இருக்கும் என்பதுதான் பதிலாக வந்தது. எனக்கு மறுத்துப் பேசும் அளவுக்கு விவரம் தெரியாது. இரண்டு நாள் அவகாசம் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அலுவலகத்தில் உடன் பணிபுரிபவர் ஒருவர், எஞ்சினில் கை வைப்பதற்கு முன் இன்னோர் இடத்திலும் காட்டிவிடுங்கள் என்று சொல்லி, தாம் பல ஆண்டுகளாகச் செல்லும் பணிமனைக்கு என்னை அனுப்பினார். இரண்டு வண்டிகள் மட்டுமே நிற்கக்கூடிய இடம். உரிமையாளரே மெக்கானிக், உதவிக்கு ஓர் இளைஞர். வேறொரு காரின் அடியில் படுத்திருந்தவர் எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டார். பானெட்டைத் திறக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ கேள்விகள் கேட்கத் தொடங்கினார். முள் ஏறுவது நிற்கும்போதா, ஓடும்போதா? மேடு ஏறும்போது எப்படி? ஏ.சி. போட்டால் மட்டுமா, போடாவிட்டாலும் ஏறுகிறதா? காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை வருகிறதா? கூலன்ட் அன்று மட்டும் குறைந்ததா, அதற்கு முன்பும் குறைந்து வந்ததா? கடைசியாக, "ஃபேன் சுற்றுகிற சத்தத்தை எப்போது கேட்டீர்கள் சார்?" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. யோசித்துப் பார்த்தபோதுதான், வண்டியை நிறுத்தும் நேரங்களில் வழக்கமாகக் கேட்கும் அந்த இரைச்சலைக் கேட்டே பல வாரங்கள் ஆகிவிட்டன என்பது நினைவுக்கு வந்தது.

எஞ்சின் நன்றாக ஆறும் வரை மூடியைத் தொடவில்லை. ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்டின் அளவையும் நிறத்தையும் பார்த்தார். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தையும் டிப்ஸ்டிக்கையும் வெள்ளைத் துணியில் துடைத்து, பால் கலந்தாற்போல் ஏதும் இல்லை, அதாவது ஆயிலில் கூலன்ட் கலக்கவில்லை என்று எனக்கும் காட்டினார். பிறகு ஸ்கேனரைப் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டு, கூலன்டின் வெப்பநிலையை என்னையும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார். 92, 95, 98, 101 என்று ஏறிக்கொண்டே போனது. 104 டிகிரி வந்தும் ஃபேன் அசையவில்லை. ஏ.சி.யைப் போட்டார், அப்போதும் அசையவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஃபேனின் இணைப்பைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேரடியாக இரண்டு ஒயர்களைக் கொடுத்தவுடன் ஃபேன் சீறிக்கொண்டு சுற்றியது. மோட்டாரில் குறை இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஃபியூஸ் சரியாக இருந்தது. ஃபேனுக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் மேல் என் விரலை வைக்கச் சொல்லி உதவியாளரை ஏ.சி.யைப் போடச் சொன்னார். விரலுக்கு அடியில் சிறு தட்டல் தெரிந்தது; ரிலே வேலை செய்கிறது என்று பொருள். ஃபேனின் இணைப்பை மீண்டும் மாட்டி, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையை ஃபேனின் எர்த் ஒயரிலும் வைத்தார். ஏறத்தாழப் பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 11 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "ஃபேனுக்குக் கரண்ட் போய்ச் சேருகிறது சார், திரும்பி வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது" என்றார். அந்தக் கறுப்பு ஒயரைக் கையாலேயே தடவிக்கொண்டு போய், ஹெட்லைட்டின் பின்புறம் பாடியில் முடுக்கப்பட்டிருந்த ஒரு போல்ட்டை அவிழ்த்தார். உள்ளே இருந்த வளைய முனை முழுவதும் பச்சைக் களிம்பேறி, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது.

ஒயரின் நுனியை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, புதிய முனையை அழுத்திப் பொருத்தி, பாடியில் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். எஞ்சினை மீண்டும் ஓடவிட்டபோது ஃபேன் தானாகவே சுற்றியது; வெப்பநிலை இறங்கியதும் தானாகவே நின்றது. ஹெட் கேஸ்கெட் பற்றிய என் அச்சத்தையும் அவர் வாய்வார்த்தையால் போக்கிவிடவில்லை. ரேடியேட்டரின் வாயில் நீல நிறத் திரவம் உள்ள ஒரு குழாயை வைத்து, எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிந்தால் இது மஞ்சளாகும் என்று சொல்லிவிட்டுப் பல நிமிடம் காத்திருந்தார். நீலம் நீலமாகவே இருந்தது. கைப்பம்பால் கூலன்ட் அமைப்புக்குள் அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் முள் இறங்கவில்லை என்பதையும் காட்டினார். தண்ணீர் கலந்துவிட்ட கூலன்டை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பினார். சக்கரங்களின் இடுக்கு வழியாகப் பார்த்து, முன்பக்க பிரேக் பேட் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இருக்கிறது, 3-க்கு வரும்போது மாற்றிக்கொள்ளலாம், இப்போது தேவையில்லை என்றார். பில்லில் பழுதைக் கண்டுபிடித்ததற்கு ஒரு கூலி, சரிசெய்ததற்கு ஒரு கூலி என்று தனித்தனியாக எழுதி, எடுத்த அளவுகளையும் குறித்துக் கொடுத்தார்.

என் கேள்வி இதுதான். வண்டிக்கு டைமிங் பெல்ட் மாற்றும் காலம் நெருங்குகிறது. ஏர்பேக் விளக்கும் எப்போதாவது எரிந்து அணைகிறது. ஒரே ஒரு வேலையை நன்றாகச் செய்தார் என்பதை வைத்து எல்லாப் பராமரிப்பையும் இவரிடமே ஒப்படைத்துவிடலாமா? முதலில் பார்த்தவர் ஏன் அப்படித் தவறினார் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 1

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். உங்கள் பதிவைப் படித்தபோது, முகம் தெரியாத அந்த மெக்கானிக்கின் கையைப் பிடித்துப் பாராட்ட வேண்டும்போல் இருந்தது. அவர் செய்தவற்றின் வரிசை ஏன் சரியானது என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதிலேயே இருக்கிறது.

நிற்கும்போது ஏறி ஓடும்போது இறங்கும் முள், பெரும்பாலும் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்பதையே சொல்கிறது. வண்டி ஓடினால் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றுவிட்டால் ஃபேனை விட்டால் வேறு கதியில்லை. ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சரும் ரேடியேட்டருக்கு முன்னால் அதே காற்றை நம்பித்தான் இருக்கிறது, அதனால்தான் நெரிசலில் குளிர்ச்சியும் குறைந்தது. மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதோ மேடு ஏறும்போதோ முள் ஏறினால் கூலன்டின் ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும்: ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், கூலன்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் முழுமையாகத் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போன வண்டி நிற்பது, ஓடுவது என்று பார்க்காது. கூலன்ட் எங்கே போகிறது என்றே தெரியாமல் குறையும், ரேடியேட்டருக்குள் குமிழி விடும், ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஹோஸ் கல்லாக இறுகிவிடும், புகையில் ஒருவித இனிப்பு வாடை அடிக்கும். இத்தனையும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒன்றுகூடத் தெரியாதபோது எஞ்சினைப் பிரிக்கச் சொல்வதற்கு இடமில்லை. எனவே "நிற்கும்போதா, ஓடும்போதா" என்ற முதல் கேள்வியிலேயே அவர் பாதித் தூரம் கடந்துவிட்டார்.

முதலில் பார்த்தவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அதிகச் சூட்டால் ஹெட் வளைந்து கேஸ்கெட் போவது உண்மையிலேயே நடக்கக்கூடியது. குறிப்பாக அலுமினிய ஹெட் சூட்டைப் பொறுக்காது. கூலன்ட் குறைந்திருப்பதைப் பார்த்ததும் அவர் மனம் அங்கே தாவியிருக்கலாம். ஆனால் உங்கள் வண்டியில் கூலன்ட் பொங்கி வழிந்ததால் குறைந்தது. அந்த நீல நிறச் சோதனையைச் செய்திருந்தால் அவருக்கும் அது தெரிந்திருக்கும். சோதிக்க மனம் இல்லாமல் பெரிய வேலையைச் சொல்லிவிடுவது தொழிலுக்கே கேடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

எர்த் ஒயரைச் சோதித்த விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவம் தெரிவது அங்கேதான். இணைப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு மீட்டரில் பார்த்தால், ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயர்கூட முழு வோல்டேஜைக் காட்டும். மீட்டருக்கு வேண்டிய கரண்ட் அவ்வளவு சொற்பம். மோட்டாரை மாட்டி, அது கரண்டை இழுக்க முயலும்போதே எர்த் பக்கம் எவ்வளவு வோல்டேஜ் தங்குகிறது என்று பார்த்தால்தான் உண்மை வெளிவரும். நல்ல எர்த் இணைப்பில் அது 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. 11 வோல்ட் என்றால் பேட்டரியின் பலம் முழுவதும் அந்தக் களிம்பிலேயே கழிந்துவிட்டது. இதை அறியாதவர்கள் முதலில் ஃபேன் மோட்டாரை மாற்றுவார்கள், பிறகு ரிலேயை, பிறகு சென்சாரை. மாற்றிய எல்லாவற்றுக்கும் வண்டிக்காரர் பணம் கொடுத்துக்கொண்டிருப்பார், வண்டியும் சூடாகிக்கொண்டே இருக்கும்.

ஆறும் வரை அவர் மூடியைத் தொடாததை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ரேடியேட்டர் மூடி பொதுவாக வளிமண்டலத்துக்கு மேல் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும்; அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். 105 டிகிரியில் அமைதியாக இருக்கும் கூலன்ட், மூடியைத் திறந்து அழுத்தம் போன அந்தக் கணமே கொதித்துச் சீறும். முகத்திலும் கையிலும் வெந்துபோனவர்களை நான் பணிமனையிலேயே பார்த்திருக்கிறேன். பார்த்த நாளிலிருந்து எத்தனை அவசரம் என்றாலும் சூடான மூடியில் கை வைத்ததில்லை.

ஒரு வேண்டுகோள். முள் சிவப்பைத் தொட்ட பிறகும் நீங்கள் வண்டியை வீடு வரை ஓட்டியிருக்கிறீர்கள். சோதனைகள் நன்றாக வந்திருந்தாலும், இன்னும் ஒரு மாதம் வாரம் ஒருமுறை, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரிசர்வ் டேங்கில் கூலன்டின் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் இறங்கினால் உடனே அவரிடம் காட்டுங்கள்.

மறுமொழி 2

மேலே எழுதியிருப்பவற்றுடன் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனாலும் கேள்வியாளர் கேட்டது இனி எல்லா வேலைக்கும் அவரை நம்பலாமா என்பது. அதற்கு நான் சற்று நிதானமாகவே ஆம் சொல்வேன். நல்ல மனமும் கூர்ந்த அறிவும் உள்ள மெக்கானிக்காக இருந்தாலும், சில வேலைகளுக்கு அவற்றுக்கென்றே உள்ள கருவியும் பயிற்சியும் இல்லாமல் முடியாது. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் இரண்டுமே அப்படிப்பட்டவை.

டைமிங் பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன்களால் சுழலும் கிரேங்க் ஷாஃப்ட்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இணைப்பது அது; இரண்டும் ஒன்றுக்கொன்று பல் தப்பாமல் நிற்க வேண்டும். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். இதனால் சில எஞ்சின்களுக்கு ஷாஃப்ட்டுகளை அசையாமல் பூட்டி வைக்கும் தனிக் கருவி வேண்டும். போல்ட்டுகளைக் கைப்பழக்கத்தில் முடுக்கிவிடாமல், நிறுவனம் குறித்திருக்கும் அளவுக்கு டார்க் ரென்ச் வைத்து முடுக்க வேண்டும். அவரிடம் சென்று, உங்கள் எஞ்சின் மாதிரியில் இந்த வேலையை இதற்கு முன் செய்திருக்கிறாரா, பூட்டும் கருவி இருக்கிறதா, பெல்ட்டுடன் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றுவாரா, பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப்பாக இருந்தால் அதையும் அப்போதே பார்த்துவிடுவாரா என்று நேராகவே கேளுங்கள். தொழில் தெரிந்தவர் இக்கேள்விகளால் மனம் வருந்த மாட்டார். மாற்ற வேண்டிய காலம் கிலோமீட்டர், ஆண்டு ஆகிய இரண்டில் எது முன்னதாக வருகிறதோ அதுதான். வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் உங்கள் கையேட்டில் உள்ளதை மட்டுமே நம்புங்கள்.

ஏர்பேக்கில் நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். அதன் ஒயர்கள் பெரும்பாலும் மஞ்சள் உறையில் இருக்கும். அவற்றில் சாதாரண மல்டிமீட்டரை வைத்துச் சோதிப்பதே ஆபத்து, மீட்டர் செலுத்தும் சிறு கரண்டிலேயே ஏர்பேக் வெடித்து விரிய வாய்ப்பு உண்டு. விளக்கு எரிந்து அணைவது இருக்கைக்கு அடியில் உள்ள ஓர் இணைப்பு தளர்ந்திருப்பதால்கூட இருக்கலாம். ஆனாலும் ஏர்பேக் அமைப்பைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனரும் அதில் பயிற்சியும் உள்ளவரே அதைத் தொட வேண்டும். இன்னொன்று: உங்கள் வண்டிக்குத் தயாரிப்பாளர் ஏதேனும் பாதுகாப்புத் திரும்பப்பெறல் (குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யத் தயாரிப்பாளரே வண்டிகளை அழைப்பது) அறிவித்திருக்கிறாரா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து விசாரித்துவிடுங்கள். இருந்தால் அந்த வேலையை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில்தான் செய்துகொள்ள வேண்டும்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். நான் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செல்லும் பணிமனையில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உதறுகிறது என்று ஒருமுறை வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர் ஆயிலின் நிறத்தையும் வாடையையும் பார்த்துவிட்டு, "இது என் கையில் அடங்கிய வேலை இல்லை, கெடுத்துவிடுவேன்" என்று சொல்லி, அந்த வேலையை மட்டுமே செய்யும் ஒருவரிடம் தாமே பேசி அனுப்பிவைத்தார். அவர் மேல் எனக்கிருந்த நம்பிக்கை அன்றைக்கு இரட்டிப்பாகியது. உங்கள் மெக்கானிக்கிடம் ஏர்பேக் விளக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதே உங்களுக்குப் போதுமான விடையாக இருக்கும்.

மறுமொழி 3

காரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது; தனியாகப் பணிமனைக்குச் செல்லும் பெண் என்ற முறையில் எழுதுகிறேன். கேள்வியாளரின் பதிவில் என்னைத் தொட்டது, அந்த மெக்கானிக் ஒவ்வொரு சோதனையையும் அவரை அழைத்துக் காட்டினார் என்பதுதான். எப்போதாவது தம்பி உடன் வந்தால், பல இடங்களில் என்னிடம் பேசாமல் அவனிடம்தான் விளக்குவார்கள், அவனுக்கோ வண்டி ஓட்டவே தெரியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் காரின் முன்சக்கரத்தில் திடீரென்று இரும்பை இரும்பால் அறுப்பதுபோல் சத்தம் வந்தது. பிரேக் முழுவதும் போய்விட்டது என்று பயந்து, பக்கத்திலிருந்த ஒரு சிறிய பணிமனையில் நிறுத்தினேன். அங்கிருந்தவர் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினார். உளுந்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு கல் கீழே விழுந்தது. மீண்டும் சுற்றிக் காட்டினார், சத்தமே இல்லை. பிரேக் பேட் நன்றாக இருக்கிறது என்று என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பேட் மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் நான் மறுபேச்சு பேசியிருக்க மாட்டேன். அதுதான் எனக்கு அவர் மேல் இன்றுவரை உள்ள மதிப்பு.

அதன்பின் அவரிடமே செல்கிறேன். வேலை நடக்கும்போது புதிதாக ஏதேனும் கண்ணில் பட்டால், கை வைக்காமல் முதலில் போன் செய்து கேட்பார். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலேயே டிக்கியில் ஒரு பையில் வைத்துக் கொடுப்பார். ஒருமுறை பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றபோது, பேட் நன்றாக இருக்கும்போது ஆயிலை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும், இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது உள்ளே ஆவியாகிப் பெடல் அமுங்கிப் போகும் என்று பொறுமையாகச் சொன்னார். கேள்விக்கு எரிச்சல் படாதவரிடம் வண்டியைக் கொடுப்பதற்கு எனக்குத் தயக்கம் இல்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

பொறுமையாக எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் ஆலோசனைப்படியே நடந்தேன். அதன் விவரத்தையும் எழுதிவிடுகிறேன்.

ரிசர்வ் டேங்கில் கூலன்ட் நிற்கும் இடத்தில் சிறு ஒட்டுத்தாள் ஒட்டி, நான்கு வாரமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்துவந்தேன். ஒரு கோடும் இறங்கவில்லை. நெரிசலில் அரை மணி நேரம் நின்றபோதும் முள் நடுவிலேயே இருந்தது, ஏ.சி.யும் குளிர்ந்தது. இப்போது ஃபேன் சுற்றும் சத்தத்தைக் காது தானாகவே தேடுகிறது.

சென்ற சனிக்கிழமை அவரைப் பார்த்தேன். ஏர்பேக் விளக்கைப் பற்றிச் சொன்னதும், அந்த அமைப்பைப் படிக்கும் வசதி தம் ஸ்கேனரில் இல்லை என்றும், இருக்கைக்கு அடியில் கைவிட்டு ஒயரை அசைத்துப் பார்க்கும் வேலையைத் தாமும் செய்யமாட்டார், நானும் செய்யக் கூடாது என்றும் சொல்லி, சர்வீஸ் மையத்துக்கே போகச் சொன்னார். இரண்டாவது மறுமொழியில் எழுதியிருந்தது அப்படியே நடந்ததைக் கண்டு எனக்கு வியப்பாக இருந்தது. அங்கே காட்டியதில், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தது உறுதியாகி, சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். சேசிஸ் எண்ணை வைத்தும் விசாரித்தேன். என் வண்டிக்குத் திரும்பப்பெறல் ஏதும் நிலுவையில் இல்லை.

டைமிங் பெல்ட்டைப் பற்றி, எழுதிக்கொண்டு போயிருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. உள்ளே சென்று ஒரு சிறிய பெட்டியை எடுத்துவந்து, என் எஞ்சின் மாதிரிக்கான பூட்டும் கருவியைக் காட்டினார். கேம் ஷாஃப்ட்டில் அது எந்த இடத்தில் உட்காரும் என்பதை ஒரு பழைய ஹெட்டில் வைத்தே விளக்கினார். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கும் உருளை), வாட்டர் பம்ப் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது, பம்ப்புக்காக ஓராண்டு கழித்து எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டாம் என்றார். பாகங்களை நானே வாங்கி வந்தாலும் சம்மதம்தான், ஆனால் பெட்டியைத் தாம் பார்த்த பிறகே பிரிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். போலிப் பெல்ட்டுகள் வருவதால் அந்த முன்னெச்சரிக்கை என்றார்.

ஓய்வுபெற்ற ஐயா எழுதியிருந்த 0.2 வோல்ட் கணக்கை அவரிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. தமக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் அதே அளவைத்தான் சொல்வார் என்று கூறி, மீட்டரை எடுத்துவந்து, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த எர்த் இணைப்பை மீண்டும் சோதித்தார். 0.06 என்று காட்டியது. அதையும் பழைய பில்லின் ஓரத்தில் தேதியுடன் எழுதிக் கொடுத்தார்.

வரும் வியாழக்கிழமை பெல்ட் வேலை. குறிகளைப் பொருத்தி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிச் சரிபார்க்கும் நேரத்தில் வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.